முதல் கிள்ளு அக்காவுக்கு

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், அழுக்குத் துணி வண்டிகள் உருண்டுபோகிற நடையை ஒட்டி ஓர் அறை. வாசல் பலகையில் அந்த ஆராய்ச்சியின் பெயர் நாலு வரிக்கு எழுதியிருக்கும். 'பிறப்பின்போதான வளர்சிதை மாற்றக் குறியீடுகளும்' என்று தொடங்குகிற அதை மூச்சுவிடாமல் படித்து முடித்தவர் யாரும் கிடையாது. ஆனால் "கிள்ளியக்கா ரூம் எங்க?" என்று கேட்டுப் பாருங்கள். வாசல் காவலாளியிலிருந்து மருந்து கொடுக்கிற ஜன்னல்வரை எல்லாரும் கை நீட்டி வழி காட்டுவார்கள்.

கிள்ளுவதுதான் அவளுக்கு வேலை. நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அவளிடம் வருவார்கள். மேல்கையின் பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்குக் கீழே, இடுப்புக்குச் சற்று மேலே என்று மூன்று இடங்களில் தோலைக் கட்டைவிரலும் சுட்டுவிரலுமாகச் சேர்த்துத் தூக்குவாள். அந்த மடிப்பை ஓர் இடுக்கியின் வாயில் கொடுப்பாள். இடுக்கியின் தலையில் கைக்கடிகாரம் மாதிரி ஒரு வட்ட முகம். அதில் முள் ஆடி நிற்கிற இடம்தான் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பின் கனத்தைச் சொல்லும். கேட்பதற்கு இவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளையை நிற்கவைத்துச் செய்துபார்த்தால் தெரியும் சங்கதி. ஒன்று நெளியும், ஒன்று கடிக்கும், ஒன்று மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு "நான் இங்க இல்ல" என்று குரல் கொடுக்கும்.

இந்தப் பிள்ளைகளோடு அவளுக்கு இருப்பது நேற்று இன்று வந்த பழக்கமில்லை. பிறந்த அன்றே தெரியும். அப்போது அவள் பிரசவ அறையில் நர்ஸ். குழந்தை வெளியே வந்து, தொப்புள்கொடியை வெட்டி, தாயின் மார்பில் போட்டதும் எல்லாருடைய கண்ணும் குழந்தைமேல் இருக்கும். இவள் கண் மட்டும் யாருக்கும் வேண்டாத நஞ்சுக்கொடிப் பக்கம் இருக்கும். அதில் மிச்சமிருக்கிற ரத்தத்தை உறைவதற்குள் ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தாய்க்கும் வலி இல்லை, பிள்ளைக்கும் வலி இல்லை, எப்படியும் குப்பைக்குப் போகிற ரத்தம். அதைக் குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போவாள். அங்கே இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் சிவப்பு கீழே தங்கி, வெளிர்மஞ்சளாக ஒரு தெளிவு மேலே நிற்கும். அந்தத் தெளிவுக்குள் இன்சுலின் இருக்கிறது. உடம்புக் கொழுப்பே சுரந்து மூளைக்குப் 'போதும்' என்று சேதி அனுப்புகிற லெப்டின் இருக்கிறது. இன்னும் என்னென்னவோ இருக்கின்றன. பிறக்கும்போது இவை இருக்கிற அளவுக்கும், அதே பிள்ளை ஐந்து வயதில் உடம்பில் சேர்த்துவைத்திருக்கிற கொழுப்புக்கும் ஏதாவது உறவு உண்டா? அதுதான் அந்த நாலு வரியின் கேள்வி. விடையின் ஒரு முனை ஆஸ்பத்திரி உறைபெட்டியில் இருக்கிறது. மறுமுனை அக்காவின் இரண்டு விரல்களில்.

அந்த விரல்கள் இந்த வேலைக்கு வந்ததே பெரிய பாடு. அக்காவின் வீட்டில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்த அன்று, "இனிமே எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூடக் கவுரவம்தான்யா" என்று டிரைவரிடம் பீற்றிக்கொண்டார். கல்லூரியில் முதல் வருடம், இந்த இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. "ஒல்லியா யாராச்சும் வாங்கம்மா" என்றார்கள். வகுப்பே திரும்பி இவளைப் பார்த்தது. மேசைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து வரிசையாக வந்து ஒவ்வொருத்தராகக் கிள்ளிப் பார்த்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் வலிக்கக் கிள்ளவும் இல்லை. ஆனால் ஒருத்தர்கூட "கிள்ளட்டுமா?" என்று கேட்கவில்லை. துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மையாக அன்று முழுக்க நின்றாள். பின்னாளில் இடுக்கி தன் கைக்கு வந்தபோது தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். முதல் கிள்ளு அக்காவுக்கு.

பிள்ளை உள்ளே வந்ததும் இடுக்கியை அதன் கையிலேயே கொடுத்துவிடுவாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டுவாள். இடுக்கி தோலில் பட்டதோ இல்லையோ, "ஐயோ அம்மா, கொல்றாங்களே!" என்று கட்டடம் அதிரக் கத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து தரையில் சரிவாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து ஓய்ந்த உடம்பு தளர்ந்து நிற்கும்போது அக்காவின் விரல் வேலையை முடித்துவிடும். இந்த ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டர் அம்மாவே ஒருநாள் பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு வந்தபோது அக்கா தரையில் கிடந்தாள். "இது எங்க முறை" என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். அவருக்கு இதில் ஒரு தீராத கேலி.

"நீயும் அளக்குற, நானும் அளக்குறேன். நான் அளந்தா ஒரு சட்டையாவது வருது. நீ அளந்தா என்ன வருது?"

"உங்க சட்டை ரெண்டு வருஷத்துல கிழிஞ்சிடும். நான் அளக்குறது இன்னும் பொறக்காத பிள்ளைக்கும் ஆகும்."

"சரி தாயி. அந்தப் பிள்ளைக்கு டவுசர் நான்தானே தைக்கணும்?"

இன்னொரு பழக்கமும் அக்காவுக்கு இருந்தது. மூன்று இடமும் முடிகிறவரை ஆடாமல் நின்ற பிள்ளைக்கு முதுகில் ஒரு தட்டு, கூடவே உரக்க ஒரு "சபாஷ்!" நடையின் கோடிவரை கேட்கும் அது. நெளிந்த பிள்ளைக்குச் சபாஷ் கிடையாது. தலையைத் தடவி, "அடுத்த தடவை வாங்கிக்கலாம், என்ன?" என்று அனுப்பிவிடுவாள். பெட்டி நிறைய ஸ்டிக்கர் இருந்தாலும் பிள்ளைகள் ஏங்கியது அந்தச் சபாஷுக்குத்தான். அக்காவுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் கர்வம்கூட.

அந்தச் சபாஷ்தான் வினையாகப் போய் முடிந்தது.

எலி என்று ஒரு பெண்குழந்தை. பிறந்தபோது இரண்டு கிலோவைத் தொடவில்லை. "அடடா, எலிக்குட்டி மாதிரி இருக்கியே" என்று பிரசவ அறையில் கொஞ்சியது அக்காதான். பெயர் ஒட்டிக்கொண்டது. எலியின் அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். பிள்ளையைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தாள். பிள்ளையும் அவள் பட்ட பாட்டை வீணாக்கவில்லை. மூன்று வயதுக்குள் கழுத்து எது, தோள் எது என்று தெரியாமல் உருண்டு திரண்டுவிட்டாள். "எலி, இங்க வா" என்று அம்மா கூப்பிட, தொம் தொம்மென்று தரை அதிர வருகிற பிள்ளையைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

எலிக்கு உடம்பெல்லாம் கூச்சம். அக்காவின் விரல் இடுப்பை நெருங்குவதற்குள்ளேயே கிக்கிக்கென்று சிரித்து மடங்கிவிடுவாள். அந்தத் தடவையும் அப்படித்தான். திரும்பத் திரும்ப முயன்று, ஒருவழியாக அளந்து, தலையைத் தடவி அனுப்பினாள் அக்கா.

ஆறு மாதம் கழித்து எலி மறுபடி வந்தபோது சட்டை தொளதொளத்தது. எடை மேடையில் ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். எடை போன தடவையைவிடக் குறைந்திருந்தது. வளர்கிற பிள்ளைக்கு எடை ஏறாவிட்டாலே என்ன ஏது என்று கேட்க வேண்டும். இறங்கியிருந்தால்? அக்கா எலியின் அம்மா பக்கம் திரும்பினாள்.

"என்னம்மா, காய்ச்சல் கீய்ச்சல் ஏதாச்சும் வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கா." அம்மாவின் முகத்தில் கவலை இல்லை. பரீட்சையை நன்றாக எழுதிவிட்டு வந்தவளின் முகம் அது.

அக்கா வழக்கம்போல இடுக்கியைப் பிள்ளை கையில் கொடுத்தாள். எலி இரண்டு கையாலும் பிடித்து வைத்தாள். "ஐயோ அம்மா, கொல்றாளே!" அக்கா தரையில் சரிந்தாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், எலி அந்த வட்ட முகத்தின் முள்ளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் நிறைய இருக்கு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "உனக்கும் ராத்திரி சாப்பாடு கிடையாதா?"

கணினியில் அளவுகளை ஏற்றுகிற பெண்ணை எல்லாரும் தங்கச்சி என்பார்கள். அவள் விரல் விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

அக்கா எழுந்திருக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்து எலியின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள். "எனக்கு உண்டே. உனக்கு?"

"எனக்குத் தண்ணி. சபாஷ் வாங்கினதும் சாப்பாடு."

"தங்கச்சி, எலியைக் கூட்டிட்டுப் போய் பாலும் பிஸ்கட்டும் வாங்கிக் குடு. மெதுவாச் சாப்பிடட்டும். இன்னைக்கு அளவு கிடையாது."

கதவு சாத்தியதும் அக்கா எலியின் அம்மாவைப் பார்த்தாள். கோபம் தொண்டைவரை வந்திருந்தது.

"என்னடி இது? யாரு சொல்லி இந்த வேலை பண்ணின?"

"யாரு சொல்லணும்? என் காது அடைஞ்சா போச்சு?" எலியின் அம்மாவும் விடவில்லை. "கொத்தனார் மகனை அளந்தீங்க. ஆறுன்னு உள்ளேருந்து சத்தமா நம்பர் சொன்னீங்க. சபாஷ்! டிரைவர் மகளை அளந்தீங்க. ஏழு. சபாஷ்! என் பிள்ளைக்குப் பதினெட்டு. ஒரு சபாஷ் வரல. துக்க வீட்டுல தடவுற மாதிரி தலையைத் தடவி அனுப்பிட்டீங்க. நடையில உக்காந்திருந்த அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தாங்க."

அக்காவின் கோபம் வந்த வழியே இறங்கிப்போனது. அளவைத் தங்கச்சிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வது வழக்கம்தான். மெல்லிய கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள் அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்து வருகிற சபாஷையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"அது ஆடாம நின்னதுக்குச் சொல்றதும்மா. நம்பருக்கு இல்ல. எலி நெளிஞ்சா, அதனாலதான் சொல்லல."

எலியின் அம்மா அவளையே பார்த்தாள். "ஆடாம நின்னதுக்கா?" என்றாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். பிறகு பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமா ராத்திரி தட்டைத் தூக்கிட்டு வந்து முன்னாடி நிக்கும்க்கா. நானும் சாப்பிடாமத்தான் படுத்துப்பேன்."

வெளியே துணி வண்டி ஒன்று கடகடவென்று போயிற்று.

"இன்னொண்ணு கேக்கட்டுமா?" என்றாள் எலியின் அம்மா. "பொறந்தன்னிக்கே ரத்தம் எடுத்தீங்கல்ல. இவ இப்படி ஊதப்போறான்னு அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே? என் நாத்தனார் சொல்றா, 'உன் ரத்தத்துலயே கோளாறு, அதான் ஐஸ்ல போட்டுப் பூட்டி வெச்சிருக்காங்க'ன்னு."

அக்கா நாற்காலியை இழுத்து அவளுக்கு நேராகப் போட்டுக்கொண்டாள். பலகையில் இருக்கிற நாலு வரியை இவளுக்கு எந்தப் பேச்சில் சொல்வது?

"மழைக்காலத்துல துணி காய நேரமாகும். உனக்குத் தெரியும்."

"பத்து வருஷமா அதுலதானே கிடக்குறேன்."

"நாளைக்கு வரப்போற மூட்டையில ஒரே ஒரு சட்டை. அது எத்தனை மணிக்குக் காயும்னு இப்பவே சொல்லு பார்ப்போம்."

"அதெப்படிச் சொல்றது? துணி கெட்டியா லேசான்னு பார்க்கணும், காத்து வருதான்னு பார்க்கணும், கொடி எங்க கட்டியிருக்குன்னு பார்க்கணும்..."

"அதேதாம்மா. நாங்க நூத்துக்கணக்கான பிள்ளைங்களைச் சேர்த்து வெச்சு, மழை பெய்யுதா வெயில் அடிக்குதான்னுதான் பார்த்துட்டிருக்கோம். அதுவே இன்னும் முழுசாத் தெரியல. உன் ஒத்தைப் பிள்ளைக்கு அந்த ரத்தம் தலையெழுத்து இல்ல. சின்னதாப் பொறக்குற பிள்ளைங்க சிலது சீக்கிரம் சதை பிடிச்சுடும். ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் உங்களை வரச்சொல்றோம். இதுல உன் குத்தம் என்ன இருக்கு? ஆனா வளர்ற பிள்ளையைப் பட்டினி போட்டா சதை மட்டும் குறையாது. வளர்ச்சியும் சேர்ந்து நின்னுடும்."

எலியின் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ இன்னைக்கு ராத்திரி?"

"இன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுங்க. அதுக்கு முன்னாடி எழுந்திரு. குழந்தை டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

குழந்தை டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். வேளைக்குச் சாப்பாடு, வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே அளவாகக் கொடுங்கள், ஓடி விளையாட விடுங்கள், மாதம் ஒருமுறை காட்டுங்கள் என்றார். எலி வாயோரம் பிஸ்கட் தூளோடு தலையாட்டினாள்.

சாயங்காலம் அக்கா நேராகத் தையல்கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் ஒரு பெரியவருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாடா வயிற்றைச் சுற்றியதும் பெரியவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இந்தக் காட்சியைப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறாள். அன்று சிரிப்பு வரவில்லை. எலி ஒருத்திதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவளா? மற்ற வீடுகளில்?

பெரியவர் போனதும் நடந்ததைச் சொன்னாள். "டாக்டர் அம்மாகிட்டச் சொன்னா இந்தச் சுற்றுல எடுத்த அளவு எதுவும் செல்லாது. ஆறு மாச வேலை. எனக்கு இந்த வேலை இருக்குமான்னே தெரியல."

வீட்டுக்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "வேலை போனா வா, காஜா எடுக்க, பட்டன் தைக்க ஆள் இல்லாமத் தவிக்குறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொல்லாம உன்னால சோறு இறங்குமா?" என்றும் கேட்டார்.

மறுநாள் காலை டாக்டர் அம்மாவின் அறையில் அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. கதவு, உரக்கச் சொன்ன அளவு, சபாஷ், தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்த பிள்ளை. டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க சொல்லலேன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"எலிக்குத் தெரியும் மேடம்."

டாக்டர் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இந்தச் சுற்றைத் தனியா ஒதுக்கி வெச்சுடலாம். காரணத்தையும் மறைக்காம எழுதிடலாம். அது என் பாடு. அம்மாக்களை யாரு பார்க்குறது?"

"நான்தான். வேற யாரு?"

போனாள். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக, மாடிப்படி ஏறி இறங்கி, சிரித்துப் பேசி, திட்டு வாங்கி, ஒவ்வொரு வீட்டிலும் அதே மழையையும் துணியையும் சொன்னாள். கொத்தனார் மகனுக்கு நேர்மாறான கதை. ஆறு என்பது குறைச்சல், அவமானம் என்று நினைத்து, வருகிற அன்று காலையில் அவனைத் திணறத் திணறச் சாப்பிடவைத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள். டிரைவர் வாசலுக்கு வெளியே மகளைக் கயிறு தாண்டவைத்துவிட்டு உள்ளே அனுப்பியிருக்கிறார். "ஆடிட்டு வந்தா முள்ளு இறங்கும்னு நினைச்சேன் சிஸ்டர்" என்று தலையைச் சொறிந்தார். இன்னும் நாலைந்து வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு பாதியாகியிருந்தது. அந்த வீடுகளில் அக்கா பேசி முடித்ததும் கிளம்பவில்லை. பிள்ளைக்கு முன்னால் தட்டு வைக்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.

அறையிலும் மாற்றம் வந்தது. அளவை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தங்கச்சி நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு முள்ளைத் தானே பார்த்து ஏற்றிக்கொள்கிறாள். சபாஷையும் அக்கா நிறுத்திவிட்டாள். பிள்ளைகளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கொத்தனார் மகன், "ஆடாமத்தானே நின்னேன்?" என்று வாசலில் உட்கார்ந்து சத்தியாக்கிரகமே செய்தான். ஸ்டிக்கர் பெட்டியை அப்படியே நீட்டியும் மசியவில்லை.

அடுத்த ஆறு மாதமும் கழிந்து எலி வந்தாள். நடையிலேயே தொம் தொம் கேட்டது. அக்காவுக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. கன்னம் திரும்ப வந்திருந்தது. நல்ல உயரமும் வந்திருந்தது. எலி நேராக வந்து கையை நீட்டி இடுக்கியை வாங்கிக்கொண்டாள். அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

"கத்தாத" என்றாள் எலி. "ஆடாம நில்லு."

மேல்கையில் ஒன்று. தோளுக்குக் கீழே ஒன்று, அதற்காக நாற்காலிமேல் ஏறிக்கொண்டாள். இடுப்புக்கு மேலே ஒன்று. அக்காவுக்கும் இடுப்பில் கூச்சம் உண்டு என்பது அந்த அறையில் அன்றுவரை யாருக்கும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எலி இடுக்கியை எடுத்தாள், முள்ளைப் பார்க்கவே இல்லை, அக்காவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"சபாஷ்!"

நடையின் கோடிவரை கேட்டது. வெளியே உட்கார்ந்திருந்த அம்மாக்கள் கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து சபாஷ் சொல்கிற வேலை பிள்ளைகளுடையது. முதல் கிள்ளு எப்போதும்போல அவர்களுடையதே.

"இப்ப நீ" என்று எலி தன் கையை நீட்டினாள். கை முடிந்தது, தோள் முடிந்தது, இடுப்புக்கு வந்ததும் பழைய கதைதான். கிக்கிக்கென்று சிரித்து மடங்கி, தங்கச்சியின் மடியில் விழுந்து, மேசைக்கடியில் புகுந்து, அறையே அமளியானது. எலியின் அம்மா ஜன்னலோரம் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கைவிரல்கள் பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. அந்தப் பயம் ஒரே நாளில் போய்விடக்கூடியதா என்ன?

எல்லாம் முடிந்து பிள்ளைக்குச் செருப்பு மாட்டும்போது அவள் மெல்லத் திரும்பினாள். அளவைத்தான் கேட்கப்போகிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"நெளிஞ்சாளாக்கா?" என்று கேட்டாள் எலியின் அம்மா.

"என்னா நெளிப்பு! பாம்பு தோத்துச்சு."

அம்மா பையை முறுக்குவதை விட்டாள். "வீட்டுலயும் அப்படித்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். "தட்டு காலியானாத்தான் அடங்குறா."